ஓய்வூதிய விவாதம்: கணக்கு தடம் மாறும் இடங்கள்

அரசு ஓய்வூதியத்தை எப்படித் தாக்குப்பிடிக்க வைப்பது என்ற பேச்சு எழுந்தால் இரு தரப்பும் எண்களை அடுக்குகின்றன. பல நேரம் எண் சரியாகவே இருக்கும். அதை வைத்து எடுக்கும் முடிவுதான் தவறாக இருக்கும். முதியவர்களின் சாப்பாட்டுக்கும் மருந்துக்குமான பணம் இது. அதனால் இந்தத் தவறுகளை லேசாக விட்டுவிட முடியாது.

கையிருப்பு தீர்ந்தால் ஓய்வூதியமே நின்றுவிடும் என்று நினைப்பது முதல் தவறு. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேமிப்பு நிதி 2030-களில் தீரும் என்று அதன் அறங்காவலர் குழுவே ஆண்டறிக்கைகளில் சொல்லிவருகிறது. ஆனால் அதற்குப் பிறகும் உழைப்பவர்களின் சம்பளத்தில் பிடிக்கும் வரி வந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கொண்டு, தருவதாக உறுதி சொன்ன தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் தர முடியும். ஆகவே ‘ஒரு பைசாகூடக் கிடைக்காது’ என்பது தவறு. ‘ஒன்றும் ஆகாது’ என்பதும் அதே அளவு தவறு. வேறு வருமானமே இல்லாதவருக்குக் கால் பங்கு குறைவது பெரிய அடி.

அதே திட்டத்தைப் பற்றி அடிக்கடி காட்டப்படும் இன்னொரு எண், 1940-ல் ஓய்வூதியர் ஒருவருக்கு 159 பேர் வரி கட்டினார்கள் என்பது. அப்போது திட்டம் தொடங்கியே சில ஆண்டுகள்தான். கட்டுபவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள், வாங்கத் தகுதி பெற்றவர்கள் மிகச் சிலர். 1950-ல் அது 16 ஆனது, 1960-ல் 5. இப்போது 3-க்குச் சற்றுக் குறைவு. 159-ஐத் தொடக்கப்புள்ளியாக வைத்து வரைபடம் போட்டால் யாருக்கும் பீதிதான் வரும்.

அடிப்படைக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. இன்று வசூலித்து இன்றே கொடுக்கும் திட்டத்தில், ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 40 சதவீதம், ஓய்வூதியர் ஒருவருக்கு உழைப்பவர்கள் 4 பேர் என்று வையுங்கள். 40-ஐ 4-ஆல் வகுத்தால், ஒவ்வொருவர் சம்பளத்திலும் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். உழைப்பவர்கள் 2 பேராகக் குறைந்தால் பிடித்தம் 20 சதவீதம். பிடித்தத்தை 10-லேயே நிறுத்தினால் ஓய்வூதியம் 20 சதவீதமாகச் சுருங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கலாம், அல்லது ஓய்வு வயதை உயர்த்தி விகிதத்தை மாற்றலாம், அல்லது பொது வரியிலிருந்து பணம் போடலாம். எந்தத் தீர்வைச் சொன்னாலும் இதில் எந்த எண் மாறுகிறது என்று கேளுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அது தீர்வே அல்ல.

‘பொருளாதாரம் வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்ற வாதமும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறது. சம்பளம் உயரும் வேகத்தில் ஓய்வூதியமும் உயர்ந்தால் கணக்கின் இரு பக்கமும் சேர்ந்தே ஏறும். விகிதம் அப்படியே இருக்கும். விலைவாசிக்கு ஏற்ப மட்டும் ஓய்வூதியத்தை உயர்த்தினால் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் விலைவாசியைவிடச் சம்பளம் ஆண்டுக்கு 1.5 சதவீதம் கூடுதலாக ஏறினால், 20 ஆண்டில் அந்த 40 சதவீதம் 30-க்கும் கீழே வந்துவிடும். சட்டத்தில் எங்கும் ‘வெட்டு’ என்ற சொல் இருக்காது. உயர்வு விதியை மாற்றுவதும் வெட்டுதான், அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் விவாதிக்க வேண்டும்.

ஆயுட்காலத்தைப் பற்றிப் பேசும்போது, பிறக்கும்போது கணிக்கும் ஆயுளைப் பயன்படுத்தாதீர்கள். அந்த எண் உயர்ந்ததற்குப் பெரும் காரணம் குழந்தைச் சாவுகள் குறைந்தது. ஓய்வூதியச் செலவைத் தீர்மானிப்பது 65 வயதை எட்டியவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பது. 1940-லேயே அமெரிக்காவில் 65 வயது ஆண் சராசரியாக மேலும் 12 ஆண்டுக்குச் சற்று அதிகமாகவும், பெண் 14 ஆண்டுக்குச் சற்று அதிகமாகவும் வாழ்ந்தார்கள். ‘அன்று யாரும் ஓய்வூதியம் வாங்கும்வரை உயிரோடு இல்லை’ என்பது கட்டுக்கதை. ஓய்வு வயதை ஒரே சீராக உயர்த்தினால், உடலுழைப்பில் தேய்ந்து சீக்கிரம் இறப்பவர்கள் தங்கள் பங்கில் அதிக விகிதத்தை இழக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

தனிநபர் சேமிப்புக் கணக்குக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்கள் மாறும் காலத்தின் செலவை மறந்துவிடுகிறார்கள். இளைஞரின் பணம் அவர் கணக்குக்கே போனால், இன்றைய முதியவருக்கு யார் கொடுப்பது? 1981-ல் இப்படி மாறிய சிலி, பழைய ஓய்வூதியர்களுக்கான தொகையைப் பல பத்தாண்டுகள் அரசுக் கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அர்ஜென்டினா 2008-ல் தனியார் கணக்குகளையே அரசுடைமை ஆக்கிவிட்டது.

முன்கூட்டியே நிதி சேர்க்கும் திட்டங்களில் தவறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும்: எதிர்பார்க்கும் வருவாய் விகிதம். 20 ஆண்டு கழித்து 100 கொடுக்க, 7 சதவீதம் வருமென்று நம்பினால் இன்று சுமார் 26 போதும். 4 சதவீதம் என்றால் சுமார் 46 வேண்டும். விகிதத்தை உயர்த்திக் காட்டினால் பற்றாக்குறை தாளில் மட்டும் மறையும்.

காலமும் ஒரு செலவு. அமெரிக்கா 1983-ல் முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து 67-க்கு உயர்த்தச் சட்டம் போட்டது. அந்த 67 முதலில் பொருந்தியது 1960-ல் பிறந்தவர்களுக்கு. அப்போது அவர்களுக்கு 23 வயது. திட்டமிட 44 ஆண்டு கிடைத்தது. இதே மாற்றத்தை 60 வயதுக்காரர் மேல் சுமத்தினால் அவரால் சேமிக்கவும் முடியாது, வேலையை நீட்டிக்கவும் பல நேரம் முடியாது. அதனால் இந்த மாற்றத்திலிருந்து அவருக்கு விலக்கு கொடுப்பார்கள், அப்படி விலக்கு கொடுத்த ஒவ்வோர் ஆண்டின் பாரமும் அவருக்கு அடுத்து வருபவர்களின் சம்பளத்தில் ஏறும்.