கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனால் வந்த வாரத்திலேயே ‘இவன் டிஸ்லெக்சியா’, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு உள்ளவன், என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும், அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய் மாதக்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளையும்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கிற மதுரையில் இதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. குறைபாடு இருக்கிறதா என்பதை உளவியல் நிபுணரும் மருத்துவரும் சொல்லட்டும்.

அடுத்தது இம்போசிஷன். தப்பாக எழுதிய சொல்லையே இருபது தடவை எழுத வைத்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதில் நோட்டை உட்கார்ந்து படியுங்கள். ‘கொக்கு’ என்று சொன்னால் ஒரு பையன் ‘காக்கு’ என்று எழுதுகிறான். அவன் காதில் முதலில் விழுவது ‘க்’; ஆனால் நம் எழுத்தில் கொம்பை முதலில் போட்டு, அப்புறம் ‘க’, கடைசியில் கால். ஒலி ஒரு வரிசை, எழுத்து இன்னொரு வரிசை. அவன் விட்டது கொம்பை மட்டும்தான். சரி, அதை மட்டும் எடுங்கள். ‘கா, கெ, கொ’ என்று வாயால் சொல்ல வைத்து, மணலிலோ உப்புத்தாளில் வெட்டிய எழுத்திலோ விரலை ஓட்ட விடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ல, ள, ழ குழப்பத்தையெல்லாம் அதே வாரத்தில் இழுத்துப் போட வேண்டாம்.

வீட்டாரிடம் குறையை மட்டும் சொல்வதும் தவறு. “டீச்சர், சந்தையில ஆட்டைப் பார்த்ததுமே விலை சொல்லிருவான். மீதிக் காசுல ஒத்த ரூபா பிசகாது. நோட்டுல எழுதச் சொன்னாத்தான் முழிக்கிறான்” என்று திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குப் பேரனைக் கூட்டிப்போகும் ஒரு தாத்தா சொன்னார். சோதனைத் தாளில் வராத தகவல் இது. அந்தப் பையனுக்குக் கணக்கை ஆட்டு விலையிலிருந்தே தொடங்கலாம். “நல்லது தாத்தா, அவன் கணக்குப் போடுறதை நிறுத்திராதீங்க” என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து வாசிக்கச் சொல்வதை அறவே விடுங்கள். வகுப்பாசிரியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் வாரத்துக்கு ஒரு முறை வருகிறவர். மற்ற நாட்களில் பிள்ளை இருப்பது அவரிடம்தான்.

உங்கள் வேலைக்கும் ஒரு எச்சரிக்கை. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பா என்று பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். கவுன்சிலில் பதிவு இல்லாமல் சிறப்பு ஆசிரியராகப் பணியாற்ற முடியாது.

கடைசியாக, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். இதைத் தேர்வு நெருங்கும்போது நினைத்துக்கொண்டு ஓடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே தலைமையாசிரியரிடம் பேசி, பரிசோதனைக்கு அனுப்பி, காகிதங்களின் நகலை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும்.