ஞாயிறன்று வறுத்து வைத்தால் வார நாளில் தீயல் பத்தே நிமிடம்

நாகர்கோவில் பக்கம் தீயலோ (தேங்காய் வறுத்தரைத்த புளிக்குழம்பு) மீன்குழம்போ வைக்கும்போது அதிக நேரம் பிடிப்பது தேங்காய் வறுப்பதுதான். வேலை முடிந்து இரவு 7 மணிக்கு வந்து அடுப்பின் முன் அரை மணி நேரம் நிற்க யாரால் முடியும்? அதனால் ஞாயிறன்றே 3 தேங்காயைத் துருவி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை, நல்லமிளகு சேர்த்துச் சிறு தீயில் கைவிடாமல் வறுத்துவிடுவேன். காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் இறக்கி, அந்தச் சூட்டிலேயே மல்லிப்பொடியும் மிளகாய்ப்பொடியும் போட்டுப் புரட்டுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் பொடி கரிந்து கசக்கும். நன்றாக ஆறியபின் தண்ணீர் விடாமல் அரைக்கவும். தேங்காயிலிருந்து கசியும் எண்ணெயே போதும்.

ஒரு வேளைக்கான அளவை ஜிப் கவரில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். காலையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் இளகிவிடும். இளகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

புளியும் உப்பும் காயும் அன்றன்றைக்குத்தான். உருளைக்கிழங்கு போட்ட குழம்பை உறைய வைக்காதீர்கள், கிழங்கின் பதமே கெட்டுவிடும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அப்படியில்லை. வடசேரிச் சந்தையில் நல்லதாகக் கிடைத்தால் தோல் சீவி, நறுக்கி, பச்சையாகவே உறைய வைக்கலாம். இளக விடாமல் நேராகக் கொதிநீரில் போடுங்கள்.