விர்ச்சுவல் மெஷினில் அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் உள்ளே போவது எப்படி

பாஸ்வேர்டு போச்சு என்றதும் விர்ச்சுவல் மெஷினையே (ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அது ஓடும் ஹோஸ்ட் கம்ப்யூட்டர் உங்கள் பொறுப்பில் இருக்கிறதென்றால் அதன் டிஸ்க், பூட் மெனு எல்லாமே உங்கள் கையில்தான்.

முதலில் மெஷினை முறையாக ஷட்டவுன் செய்து ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். எங்கே பிசகினாலும் திரும்பி வர அது ஒன்றுதான் வழி.

லினக்ஸ் என்றால், மெஷினை ஆன் செய்த உடனே அதன் விண்டோவுக்குள் ஒரு கிளிக் செய்துவிட்டு (இல்லாவிட்டால் நீங்கள் அழுத்தும் கீ ஹோஸ்டுக்கே போய்விடும்) பழைய பயோஸ் பூட் முறையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், புதிய யூஇஎஃப்ஐ முறை என்றால் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள். குரப் என்ற பூட் மெனு வந்ததும் 'இ' (e) கீயை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ' (ro, படிக்க மட்டும்) என்ற இரண்டு எழுத்தை 'ஆர்டபிள்யூ' (rw, எழுதவும்) என்று மாற்றி, வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு init=/bin/bash என்பதை இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்து கன்ட்ரோல் எக்ஸ் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் ஷெல் (முழு அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் திரை) திறக்கும்.

அங்கே 'பாஸ்டபிள்யூடி' (passwd) கட்டளையோடு உங்கள் யூசர் பெயரைக் கொடுத்தால் புதிய பாஸ்வேர்டு கேட்கும். அடிப்பது திரையில் தெரியாது, பயப்பட வேண்டாம். ஆதென்டிகேஷன் டோக்கன் என்று எரர் வந்தால், பெரும்பாலும் அந்த 'ஆர்டபிள்யூ' மாற்றம் விட்டுப்போயிருக்கும். இந்த ஷெல்லில் கீபோர்டு அமெரிக்க லேஅவுட்டில் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், இப்போதைக்குச் சாதாரண எழுத்துகளில் ஒன்றை வைத்துக்கொண்டு லாகின் ஆனபிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபெடோரா, ரெட் ஹேட் வகை என்றால் இன்னொன்றும் உண்டு: ரூட் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் 'ஆட்டோரீலேபல்' (/.autorelabel) என்ற வெற்று ஃபைலை உருவாக்குங்கள், இதை விட்டால் சரியான பாஸ்வேர்டையும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஏற்காமல் போகலாம். அப்புறம், மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிவிடும் 'சிங்க்' (sync) கட்டளை கொடுத்துவிட்டு ஹோஸ்டிலிருந்தே ரீசெட் செய்யுங்கள். இந்த நிலையில் வழக்கமான ரீபூட் கட்டளை வேலை செய்யாது.

விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் என்றால் ஆன்லைனிலேயே மாற்றிவிடலாம். லோக்கல் அக்கவுன்ட் என்றால், வேறொரு அட்மின் அக்கவுன்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அதில் நுழைந்து உங்கள் பாஸ்வேர்டை ரீசெட் செய்யலாம். ஆனால் பழைய பாஸ்வேர்டு இல்லாமல் இப்படி வெளியிலிருந்து ரீசெட் செய்தால், இஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையில் என்க்ரிப்ட் செய்த (பூட்டிய) ஃபைல்கள் பழைய பாஸ்வேர்டோடு போய்விடும். மெஷின் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கிளவுடில் இருந்தால் அதன் போர்ட்டலிலேயே ரீசெட் பாஸ்வேர்டு வசதி இருக்கிறது, மெஷினுக்குள் அஷ்யூரின் ஏஜென்ட் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

முழு டிஸ்க்கும் லக்ஸ் (லினக்ஸ்) அல்லது பிட்லாக்கர் (விண்டோஸ்) என்க்ரிப்ஷனில் பூட்டியிருந்து, அதன் பாஸ்ஃப்ரேஸோ ரிகவரி கீயோ இல்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பேக்கப்தான் கதி.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியானதும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள், விட்டுவைத்தால் அது வளர்ந்துகொண்டே போய் ஹோஸ்டின் டிஸ்க்கை நிரப்பிவிடும்.