செகண்ட் ஹேண்ட் சப்மரீனர் வாங்கும்முன்

சிங்கப்பூர் லக்கி பிளாசா கடைகளிலோ கரோசல் விற்பனைத் தளத்திலோ ரோலெக்ஸ் சப்மரீனர் கைக்கடிகாரம் பார்க்கப் போகிறீர்களா? பெட்டி, உத்தரவாத அட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவற்றிலும் போலி வருகிறது.

பெசலை, அதாவது முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்புங்கள். மிகப் பழைய மாடல்கள் தவிர மற்றவற்றில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டும் சுழலும், ஒரு சுற்றுக்கு 120 கிளிக். பின்மூடி கண்ணாடியா? கிளம்பிவிடுங்கள். சப்மரீனர் அப்படி வந்ததே இல்லை. தேதி காட்டும் மாடலில் கண்ணாடிமேல் உள்ள லென்ஸ் அதை 2.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். எண் சிறுத்துத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கிரவுனை (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகை) திருகும்போது மரை கரகரத்தால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. உள்குழாய் தேய்ந்த அசலும் அப்படித்தான்.

நல்ல போலி இத்தனையும் தாண்டிவிடும். அதனால் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் சரி. 2020 வரை வந்த 16610, 116610 மாடல்களில் 3135 இயந்திரம் இருக்கும். அதன் பேலன்ஸ் சக்கரத்தை (நேரத்தைச் சீராக்க முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) இருபுறமும் ஊன்றிய பாலம் தாங்கும். சக்கரத்தின் உள்விளிம்பில் குட்டிக் குட்டித் தங்கநிற நட்டுகள். வேகம் கூட்டிக் குறைக்க + − குறியிட்ட நெம்புகோல் தென்பட்டால் அது வேறு இயந்திரம்.

திறந்து மூடிய பிறகு கேஸ்கெட்டை (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) சரிபார்த்து, நீர்க்கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் முடியும்வரை செந்தோசா கடலில் இறங்க வேண்டாம்.