முழங்காலைக் காட்டும் குழந்தைக்கு இடுப்பைப் பாருங்கள்

அண்மையில் ஓர் இளம் மருத்துவர், நொண்டி வந்த சிறுவனுக்கு முழங்கால் எக்ஸ்ரே மட்டும் எழுதியனுப்பியதைக் கண்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். நொண்டும் குழந்தையிடம் மருத்துவர்களும் வீட்டாரும் தவறும் இடங்கள் இவை.

வலி சொல்லும் இடத்தையே நம்புவது

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடவுக் கூலியை விட்டுவிட்டு ஒரு தாய் தன் ஆறு வயது மகனை அழைத்துவந்தார். முழங்கால் படம் சுத்தமாக இருந்ததால், வளர்ச்சி வலி என்று சொல்லிக் கால்சியம் மருந்து கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து வந்தபோது தொடை மெலிந்திருந்தது. இடுப்புப் படத்தில் தொடை எலும்பின் தலை தட்டையாகியிருந்தது. அது பெர்தஸ் நோய்; தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது உருக்குலையும் நோய். எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் உருக்குலையாமல் இருக்க உதவியிருக்கக்கூடிய மாதங்களை நான் வீணாக்கியதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகள் பொதுவானவை என்பதால், இடுப்பில் நோயிருக்கும் குழந்தை முழங்காலைத் தொட்டுக் காட்டும். குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை வெளிப்புறமாகச் சாயவிட்டால், நோயுற்ற பக்கம் குறைவாகச் சாயும். இதற்கு ஒரு நிமிடம் போதும். பிறகு இரண்டு இடுப்புகளையும் நேராகவும், தவளைபோல் கால்களை விரித்தும் படமெடுக்க வேண்டும். தொடக்கத்தில் படம் இயல்பாகவே இருக்கலாம் என்பதால், நொண்டல் நீடித்தால் மீண்டும் எடுக்க வேண்டும். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரு கால்களிலும் இரவில் வந்து காலையில் மறைந்துவிடும். அது குழந்தையை நொண்டவைக்காது.

பத்து வயதைக் கடந்த, எடை மிகுந்த பிள்ளை முழங்கால் வலி என்றால், இடுப்பில் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கிறதா என்று தெரியும்வரை நடக்கவிடாதீர்கள்.

காய்ச்சலைச் சளியின் கணக்கில் எழுதுவது

ஐப்பசி மழையில் சளி பிடித்த பின், மூன்று முதல் பத்து வயதுக் குழந்தைகள் சிலர் நொண்டுவார்கள். பெரும்பாலும் ஓய்விலும் இபுப்ரோஃபெனிலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகும். ஆனால் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கால் ஊன்ற மறுப்பு, 40-ஐத் தாண்டிய இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை), 12,000-ஐத் தாண்டிய வெள்ளணு எண்ணிக்கை என்று 1999-இல் எலும்பு மருத்துவர் கோக்கர் வகுத்த நான்கு குறிகள் சேரச் சேர, மூட்டில் சீழ் என்ற ஐயம் வலுக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மூட்டில் நீர் இருப்பதைக் காட்டுமே தவிர, அது சீழா என்று சொல்லாது. குருத்தெலும்பை அழிக்கச் சீழுக்குச் சில நாட்களே போதும் என்பதால், அன்றிரவே தஞ்சாவூர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். குழந்தையின் நிலை இடங்கொடுத்தால், மூட்டு நீரும் இரத்தமும் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

சுளுக்கு வழிப்பது

காய்ச்சலோடு நொண்டும் குழந்தையின் காலை எவரும் நீவக் கூடாது.

இரவில் எழுப்பும் வலியைப் புறக்கணிப்பது

நொண்டும் குழந்தையை இரவில் வலி எழுப்பினால், வளர்ச்சி வலி என்று விடாமல் இரத்த அணுக்களைப் பாருங்கள். இரத்தப் புற்றுநோயும் இப்படித் தொடங்குவதுண்டு.

தேதி சொல்லாமல் அனுப்புவது

வேதாரண்யத்திலிருந்து பேருந்து ஏறி வந்தவரிடம் "சரியாகாவிட்டால் வாருங்கள்" என்பது போதாது. ஒரு வாரத்தில் வர வேண்டிய நாளையும், காய்ச்சல் வந்தாலோ காலை ஊன்ற மறுத்தாலோ அன்றே வர வேண்டும் என்பதையும் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.