லைட்டு தானா அணைஞ்சு தானா எரியுதா? சிப்பைக் கழட்டாதீங்க, மொதல்ல நேரத்தைப் பாருங்க

மலேசியாவுல பாடாங் செராய் பக்கம் பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) கடை போடுறவங்க 12 வோல்ட் பேட்டரியில எல்இடி லைட்டு ஓட்டுறாங்கல்ல, அந்த கன்ட்ரோல் போர்டுல பவர் சுவிட்ச் சிப் (லைட்டுக்குப் போற கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற சிப்) இருந்தா, லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சதும் சிப் போச்சுன்னு கழட்டிடுறோம். பக்கத்துல கூலிம்லயே 2006லேருந்து இன்ஃபினியன் பவர் சிப் ஃபேக்டரி ஓடுது, இங்க நல்ல சிப் குப்பைக்குப் போகுது, மனசு கேக்கல.

பல நேரம் சிப் தன்னைக் காப்பாத்திக்குது, அவ்ளோதான். உள்ள சிலிக்கான் சூடு 150லேருந்து 175 டிகிரிக்குள்ள ஒரு எடத்தைத் தொட்டதும் ஆஃப் பண்ணிடும், 10, 20 டிகிரி எறங்குனா திரும்ப ஆன். சில சிப் லாட்ச் ஆயி நின்னுடும், நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் வரும், எந்த வகைன்னு டேட்டாஷீட்ல, அதாவது சிப் கம்பெனி குடுக்குற விவரத் தாள்ல இருக்கும்.

இப்ப நேரத்தைப் பாருங்க. ஆன் பண்ண ஒடனே படபடன்னு வெட்டுனா பெரும்பாலும் வெளிய ஷார்ட். சிப் கரண்ட்டை 5 ஆம்பியர்ல புடிச்சு வச்சாலும் 12 வோல்ட்டும் சிப் மேலயே விழும், 60 வாட் சூடு, அந்தப் பொடி சாமான் எப்படித் தாங்கும்? பேட்டரியைக் கழட்டிட்டு, ஒயர் கூடார இரும்புல உரசுற எடத்தை எல்லாம் மீட்டர் வச்சு பாருங்க.

பத்து பதினஞ்சு நிமிஷம் நல்லா எரிஞ்சு அப்பறம் அணைஞ்சா, சூடு வெளிய போக வழியில்ல. கணக்கு போடுங்க: லைட்டுக்கு 4 ஆம்பியர், ஆன்ல இருக்குற சிப்போட ரெசிஸ்டன்ஸ் 50 மில்லிஓம், 4×4×0.05, அதாவது 0.8 வாட் சூடு. டேட்டாஷீட்ல வாட்டுக்கு 60 டிகிரின்னு இருந்தா 48தான் ஏறும், மூடுன பொட்டிக்குள்ள 50 டிகிரி இருந்தாலும் 98, ஒன்னும் ஆகாது. ஆனா அந்த 60 அவங்க டெஸ்ட் போர்டுல எடுத்தது, நம்ம போர்டுல சிப்புக்கு அடியில இருக்குற பேடு சரியா சால்டர் ஆகாம, காப்பரும் கம்மியா இருந்தா வாட்டுக்கு 120 ஆனாலும் ஆகும், அப்ப 146 வந்துரும், சூடு ஏற ஏற சிப்புக்குள்ள சுவிட்சா இருக்குற மாஸ்ஃபெட்டோட ஓமும் கூடும், அதனால கண்டிப்பா வெட்டும்.

அடி பேடை ஹாட் ஏர்ல திரும்ப சால்டர் பண்ணுங்க, பொட்டிக்குக் காத்து வழி வைங்க, முடியலன்னா லோடை ரெண்டு சிப்புக்குப் பிரிங்க, கரண்ட் பாதியானா ஒவ்வொன்னுலயும் சூடு கால்வாசியாயிடும். வெட்டுதேன்னு சிப்பை ஒயர் போட்டு பைபாஸ் மட்டும் பண்ணிடாதீங்க, ஷார்ட் ஆனா ஒயரே எரியும், கூடாரத்துல கேஸ் அடுப்பும் ஆளுங்களும் இருக்காங்க. வெட்டி வெட்டி ஓடட்டும்னும் விடாதீங்க, ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் உள்ள ஒயரும் சால்டரும் தேஞ்சுக்கிட்டே இருக்கும்.

சிப்புல ஃபால்ட் பின் (கோளாறு வந்தா சொல்ற கால்) இருந்தா, அது பெரும்பாலும் ஓப்பன் ட்ரெய்ன், அதாவது கீழ மட்டும்தான் இழுக்கும், மேல இழுக்க 10 கிலோஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) போட்டாதான் மீட்டர்ல தெரியும். பொட்டியை மூடி, எல்லா லைட்டும் போட்டு, மத்தியான வெயில்ல ஒரு மணி நேரம் ஓடவிட்டு அந்த பின் கீழ எறங்காம இருக்கான்னு பாத்துட்டு கடைக்கு அனுப்புங்க.