பாறுகளைக் கொன்றது எது? காட்டுயிர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் நம் ஊரில் காரணம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பூச்சிமருந்து என்பார் ஒருவர், ஏதோ புது நோய் என்பார் இன்னொருவர், செல்போன் டவர்தான் என்று அடித்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார். காட்டுயிர் படிக்க வரும் மாணவர்களிடமும் சூழல் பற்றி எழுதுகிறவர்களிடமும் இதே அவசரத்தைப் பார்க்கிறேன். அதனால்தான் பாறு கழுகுகளுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆய்வில் வழுக்கி விழக்கூடிய இடங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

ஒரு காலத்தில் வட இந்தியாவில் மாடு செத்த இடமெல்லாம் பாறுகள் குவிந்து கிடக்கும். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவை மளமளவெனக் குறைவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்துப் பதிவு செய்தார். சாலை வழியாகப் போய் எண்ணிய கணக்குப்படி, 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

முதல் தவறு, தெரிந்த வில்லனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து வல்லூறு இனங்கள் குறைந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அதனால் பாறு விஷயத்திலும் பூச்சிமருந்தைச் சந்தேகித்தது இயல்புதான். ஆனால் டி.டி.டி. அடித்த இடத்தில் முட்டை உடையும், குஞ்சு வராது. இங்கே வளர்ந்த பறவைகளே மரத்திலிருந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தன. நம் நாட்டுப் பறவைகளின் கொழுப்பைச் சோதித்தால் டி.டி.டி. மிச்சம் கிடைப்பதில் ஆச்சரியமே இல்லை. உடலில் ஒரு ரசாயனம் இருக்கிறது என்பது ஒன்று, அதனால்தான் உயிர் போனது என்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய அறிக்கைகளை இன்றைக்கும் படிக்கிறேன்.

கண்ணில் பட்டதை நோய் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பல பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அவை சாகப்போகின்றன என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் பொறுமையாகக் கவனித்துச் செய்த ஆய்வு வேறு சொன்னது. தலை தொங்குவதை வைத்து எந்தப் பறவை சாகும் என்று சொல்ல முடியவில்லை, பெரும்பாலும் அது வெயிலைத் தாங்கிக்கொள்ளும் வழியாக இருக்கலாம் என்றது.

சரி, உண்மை எப்படி வெளியே வந்தது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு செத்த பாறுகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்தது. உள்ளே இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனதால் ரத்தத்தில் தேங்கிய யூரிக் அமிலம் உப்பாகி உறைந்தது அது. பரிசோதித்த வளர்ந்த பறவைகளில் சுமார் 85 சதவீதத்தில் இதே நிலை. ஆக, எதுவோ சிறுநீரகத்தை அடிக்கிறது. வைரஸ், பாக்டீரியா, கன உலோகம், பூச்சிமருந்து என ஒவ்வொன்றாகத் தேடினார்கள். எதுவும் பொருந்தவில்லை. அப்புறம்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: பாறு தின்பது செத்த கால்நடையை. அப்படியானால் அந்தக் கால்நடைக்கு என்ன கொடுக்கிறார்கள்? அந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைக்காரர்களிடமும் போய் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதாகவும் பரவலாகப் புழங்குவதாகவும் ஒரு மருந்து அகப்பட்டது. வலிக்கும் காய்ச்சலுக்கும் மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளைச் சோதித்தார்கள். இருபத்தைந்திலும் மருந்து இருந்தது. கூடவே வேறு காரணங்களால் செத்த 13 பாறுகளையும் சோதித்தார்கள். ஒன்றில்கூட இல்லை. என் கணக்கில் இந்த 13தான் ஆய்வின் உயிர். அவை இல்லாவிட்டால், எல்லாப் பாறுகளிலும்தான் இந்த மருந்து இருக்கும், அதற்கென்ன என்று யாரும் தட்டிக் கழித்திருக்கலாம். ஓக்ஸ் குழு அதோடும் நிற்கவில்லை. மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்து, அதே நோய் வருவதைக் காட்டியது. 2004இல் முடிவு வெளியானது. செத்த பறவையை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவு எழுதாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க மற்றவையும் வேண்டும்.

எல்லா நஞ்சும் டி.டி.டி. போலவே நடந்துகொள்ளும் என்று நினைப்பது அடுத்த தவறு. “உணவுச் சங்கிலியில் டைக்ளோஃபினாக் சேர்ந்து சேர்ந்து பாறுகளைக் கொன்றது” என்று தமிழில் எத்தனையோ கட்டுரைகள். அப்படி இல்லை. உயிரோடு இருக்கும் மாட்டின் உடலிலிருந்து இந்த மருந்து சில நாட்களில் வெளியேறிவிடும். ஊசி போட்டுச் சீக்கிரமே செத்த மாடுதான் ஆபத்து. பறவைக்கும் அது வருடக்கணக்கில் சேரத் தேவையில்லை, ஒரு வேளை உணவே போதும். இந்த வேறுபாடு புரியாவிட்டால் எதை, எப்போது சேகரிப்பது என்பதிலேயே தடுமாறிவிடுவோம்.

சின்ன எண்ணை அலட்சியம் செய்வதும் அப்படித்தான். கால்நடைச் சடலங்களில் 760இல் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணித்தார்கள். ஒரு சதவீதம்கூட இல்லை! நம்ப முடியவில்லை என்றால் ஒரு மாட்டுச் சடலத்தை நினைத்துப் பாருங்கள். பல பத்துப் பாறுகள் ஒன்றாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் எலும்பு தெரியத் தின்றுவிட்டுப் போகும். ஒரே ஒரு கெட்ட சடலம், அத்தனைக்கும் முடிவு. அதே பாறு வருடத்துக்கு இடுவதோ ஒற்றை முட்டை.

ஓர் இனத்தில் சோதித்துவிட்டு இன்னொன்றுக்கும் சரி என்று சொல்லிவிடக் கூடாது. வெண்முதுகுப் பாறு கழுகைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் அமெரிக்காவின் வான்கோழிக் கழுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் சோதித்திருந்தால் டைக்ளோஃபினாக் நல்ல மருந்து என்றே முடிவாகியிருக்கும். மாற்று மருந்தான மெலாக்சிகாமைப் பாறு இனங்களிலேயே சோதித்த பிறகுதான் பரிந்துரைத்தார்கள். இன்னொரு வலி மருந்தான அசெக்ளோஃபினாக்கோ மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர் வேறு, நஞ்சு அதே. கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்தோடு சேர்த்து அதையும் கால்நடைக்குத் தரக் கூடாது என்று 2023இல்தான் தடை வந்தது.

தடை வந்த தேதியோடு பிரச்சினை முடிந்தது என்று எழுதுவதும் தவறு. கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா 2006இல் தடை செய்தது. 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களின் மருந்துக்கடைகளில் மாட்டுக்கு மருந்து கேட்டுப் பார்த்தபோது, 36 சதவீதக் கடைகளில் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக்கை எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய குப்பிகள் மாட்டுக்கு வசதியாக இருந்தன. மனிதர்களுக்கான ஊசிக் குப்பி 3 மில்லி லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015இல் விதி வந்தது. அதிகாரி தோரணையில் போய் “தடை செய்த மருந்து விற்கிறீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். மாட்டுக்குக் காய்ச்சல் என்று போய் நின்றால்தான் உண்மை தெரியும்.

பாறுகள் மறைந்து, தின்ன ஆளில்லாத சடலங்கள் அழுகியதாலும் தெருநாய்கள் பெருகியதாலும் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்று ஒரு பொருளாதார ஆய்வு 2024இல் சொன்னது. பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் ஒப்பிட்டு எடுத்த மதிப்பீடு அது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த கூடுதல் இறப்பு அதில் அடக்கம். முக்கியமான ஆய்வுதான். ஆனால் அதை “5 லட்சம் பேர் வெறிநாய்க்கடியால் இறந்தார்கள்” என்று மாற்றிப் பகிர்வது அந்த ஆய்வுக்கே செய்யும் அநியாயம்.

கடைசியாக நம் பக்கத்துக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. உடனே “பாறுகள் பெருகிவிட்டன” என்று பகிர ஆரம்பித்துவிட்டோம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வருடத்துக்கு ஒற்றை முட்டையிடும் பறவை பத்து மாதத்தில் 74 கூடுமா? எங்கெல்லாம், எத்தனை பேர், எந்த நேரத்தில் நின்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறும். ஒரு மலைமுகட்டில் எண்ணிய பறவை அரை மணியில் பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த குழுவின் தலைக்கு மேல் வட்டமிடும். அதனால் எண்ணிக்கையோடு இடம், ஆள், நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நீலகிரிப் பக்கம் மாயாற்றுக் கரையில் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. பறவை பெருகுகிறதா என்று தெரிய வேண்டுமானால் தூரத்தில் நின்று தொலைநோக்கியில் அந்தக் கூடுகளைப் பாருங்கள். முட்டையிட்ட கூடுகள் எத்தனை, அவற்றில் குஞ்சு பறந்து போன கூடுகள் எத்தனை என்று வருடாவருடம் குறித்து வாருங்கள்.